விரல்கள் அளித்த தீர்ப்பு

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது நம் நாட்டுப் பழைய வழக்கம். அவ்வாறாயின், கண்ணொளி இல்லாத மாணவன் அந்தக் கல்விக் கண்ணை எவ்வாறு பெறுவான்? இந்த வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில் அன்புள்ளம் படைத்தோர் பலர் வருகின்றனர். ஆயினும், அன்பு மட்டும் ஒரு நல்ல கருவியைப் படைத்துவிடுமா? அக்கருவி பயன்படுமா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? இவற்றையே இன்று நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

1771ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சந்தை ஒன்றில் பார்வையற்றோர் சிலருக்குக் கோமாளி உடை அணிவித்து, முகத்தில் பெரிய மூக்குக் கண்ணாடிகளையும் மாட்டி, இசைக் கருவிகளைத் தாறுமாறாக வாசிக்கச் செய்தனர். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அக்காட்சியைக் கண்டு மனம் வெதும்பியவர் வாலந்தைன் ஹாவுயி என்பவர். இவர்களுக்கு எழுத்தறிவிப்பேன் என்று அவர் உறுதி பூண்டார். 1784இல் மாதா கோயில் வாயிலில் இரந்து வாழ்ந்த ஓர் இளைஞனை அழைத்து வந்து பாடம் தொடங்கினார். அடுத்த ஆண்டில் பாரிஸில் பார்வையற்றோருக்கென ஒரு பள்ளியையே நிறுவினார்.

ஹாவுயி கண்ட முறை யாது? வழக்கமான அச்செழுத்துக்களையே தாளில் மேடுறப் பதித்தார். மாணவர் அவற்றை விரலால் தடவிப் படித்தனர். பார்வையற்றவனும் படிக்க வல்லவன் என்று உலகுக்கு மெய்ப்பித்த பெருமை இம்முறைக்கு உண்டு. ஆனால் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. அவ்வெழுத்துக்களின் வளைவும் கோடும் கண்ணுக்காக அமைந்தவை. விரலோ ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் சுற்றிச் சுற்றித் தேடவேண்டியிருந்தது. எழுத்துக்கள் பெரியனவாதலால் நூல்கள் சுமக்க இயலாத பாரமாயின. யாவற்றுக்கும் மேலாக, மாணவன் தன் எண்ணத்தைத் தானே எழுதி, எழுதியதைத் தானே படித்துப் பார்க்க அம்முறை எளிய வழி தரவில்லை.

அப்பள்ளிக்கு 1819ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். லூயி பிரெயில் என்பது அவன் பெயர். 1809இல் குவ்ரே என்னும் சிற்றூரில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தவன். மூன்றாம் வயதில் தந்தையின் பட்டறையில் தோலைத் துளைக்கும் குத்தூசியோடு விளையாடும்போது கண்ணில் காயமுற்றான். அதன் நோய் மற்றக் கண்ணையும் பற்ற, இரு கண்களும் ஒளி இழந்தன.

1821இல் சார்ல் பார்பியே என்பவரின் புள்ளி எழுத்து அப்பள்ளிக்கு அறிமுகமாயிற்று. கோடுகளுக்கு மாறாக, எழுத்தாணியால் குத்திய புள்ளிகளைக் கொண்டது அது. விரல் புள்ளியை எளிதில் உணர்ந்தது. எனினும் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தமையால் அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. ஒலிகளை மட்டுமே குறித்ததால் சொற்களின் எழுத்து முறையையும் அது காட்டவில்லை.

இளைஞர் பிரெயில் அதனை எடுத்துக்கொண்டு இடைவிடாது உழைத்தார். 1824இல், பதினைந்தாம் வயதிலேயே, தம் முறைக்கு உருவம் கொடுத்துவிட்டார். 1829இல் அது நூலாக வெளிவந்தது. நெடுக்கில் மூன்றும் குறுக்கில் இரண்டுமாக ஆறே புள்ளிகள். அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் அறுபத்து மூன்று குறிகள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசைக்குறி அனைத்துக்கும் அவை இடம் தந்தன. ஒவ்வொரு குறியும் விரல் நுனியின் ஒரே தொடுகையில் புலனாயிற்று. மாணவன் படிக்கவும் எழுதவும் கற்றான்.

உலகம் உடனே இதனை வரவேற்றதா? இல்லை. 1840இல் பள்ளித் தலைமையை ஏற்ற துஃபோ என்பவர் பிரெயில் எழுத்தைத் தடுத்துவிட்டு மேடுற்ற அச்செழுத்தையே வற்புறுத்தினார். பார்வையற்றோருக்குத் தனி எழுத்து இருப்பின் அவர்கள் ஏனையோரிடமிருந்து பிரிந்துவிடுவர் என்பது அக்காலத்தில் பலர் கூறிய காரணம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது! ஆயினும் மாணவர் என்ன செய்தனர்? ஆசிரியர் அறியாமல் தமக்குள் அவ்வெழுத்தையே எழுதிப் படித்தனர். துணைத் தலைவர் குவாதே இதன் பயனை உணர்ந்து எடுத்துரைத்தபின் துஃபோவும் மனம் மாறினார். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில், ஒரு மாணவர் புள்ளியில் எழுதியதை, அப்போது வெளியே நின்றிருந்த மற்றொரு மாணவர் வந்து பிழையின்றிப் படிக்க, அவையோர் வியந்தனர். பிரெயில் 1852இல் காசநோயால் மறைந்தார். இரண்டாண்டு கழித்தே, 1854இல், அவர் எழுத்துக்குப் பிரான்சில் முறையான ஏற்பு கிட்டியது.

அமெரிக்காவிலோ வேறொரு தொல்லை. அங்கே வல்லுநர்கள் தத்தமக்கு உகந்த புள்ளி முறைகளை வகுத்து ஒருவரோடொருவர் வாதிட்டனர். ஒரு பள்ளியில் பயின்றவன் மற்றொரு பள்ளியின் நூலைப் படிக்க இயலாத நிலை உண்டாயிற்று. ஹெலன் கெல்லர் அம்மையார் இத்தகைய பல முறைகளையும் கற்க நேர்ந்தது. 1932இல்தான் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒரு பொது முறைக்கு இணங்கின. பெரியோரின் வழக்கு நீடித்த காலமெல்லாம் அதற்குரிய செலவைச் செலுத்தியவர்கள் மாணவர்களே.

நம் நாட்டிலும் மொழிக்கு மொழி, இடத்துக்கு இடம் புள்ளி முறைகள் வேறுபட்டிருந்தன. விடுதலைக்குப் பின், 1949இல், இந்திய அரசு யுனெஸ்கோவின் துணையை நாடியது. அதன் பயனாக 1951இல் பாரதி பிரெயில் உருவாயிற்று. ஒத்த ஒலிக்கு எம்மொழியிலும் ஒரே குறி என்பது அதன் அடிப்படை. தமிழின் ககரத்தை உணரும் விரல் இந்தியின் ககரத்தையும் உணரும். அச்சில் ‘கெ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. பிரெயிலிலோ மெய்க்குரிய குறி முன்னும் உயிர்க்குரிய குறி பின்னுமாக, ஒலிக்கும் வரிசையிலேயே அமைகின்றன. கண்ணின் வழக்கத்தை விட்டு விரலின் வழக்கத்தைப் பின்பற்றியதற்கு இது நல்ல சான்று.

அதே 1951இல் அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பள்ளி, ஆறு விசைகள் கொண்ட உறுதியான பிரெயில் தட்டெழுத்துப் பொறியை வழங்கத் தொடங்கியது. 1976இல் ரேமண்ட் கர்ஸ்வைல் அச்சு நூலை உரக்கப் படிக்கும் இயந்திரத்தை வெளியிட்டார். அதனைச் சோதித்துச் செம்மை செய்ததில் பார்வையற்றோர் அமைப்பினர் பங்கு கொண்டனர். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர், கணினித் திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ என்னும் மென்பொருளை உருவாக்கி விலையின்றி உலகுக்கு அளித்தனர். இன்று அது தமிழையும் படிக்கிறது.

இவ்வளவு வசதி வந்தபின் புள்ளி எழுத்து எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். கேட்டல் சிறந்த செல்வந்தான். ஆனால் லகரமும் ளகரமும் ழகரமும் பலர் நாவில் மயங்கி ஒலிக்கும்போது, சொல்லின் எழுத்தைச் செவி மட்டும் கொண்டு ஒரு மாணவன் எங்ஙனம் தெளிவான்? செவி ஒன்றே போதுமென்று, கண்ணுடைய நாம் அவனுக்காக முடிவு செய்வது துஃபோ செய்த பிழையை மீண்டும் செய்வதாகும். ஒருவனுக்கு ஒலி உதவலாம். ஒருவனுக்குப் புள்ளி உதவலாம். பலருக்கு இரண்டும் வேண்டும்.

இப்படிப்பினை பார்வையற்றோர்க்கு மட்டும் உரியதன்று. செவிப்புலன் குன்றிய குழந்தைக்கும், எழுத்துக்களை வேறுபடுத்தி அறியத் திணறும் குழந்தைக்கும் நாள்தோறும் புதிய கருவிகள் வருகின்றன. பள்ளிகள் அவற்றை வாங்கட்டும். அரசு அவற்றை வழங்கட்டும். ஆனால் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் அக்கருவியை அக்குழந்தையின் கையில் கொடுத்து, “இது உனக்கு உதவுகிறதா?” என்று கேட்போமாக. அவ்விடையைக் கேட்கும் பொறுமை நமக்கு இருக்குமானால், பாரிஸ் மாணவர் ஒளிந்து எழுத நேர்ந்த நிலை நம் பிள்ளைகளுக்கு வாராது.