அலையில்லாக் கடல் பிறந்த கதை

மாதக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். கரும்பாறை ஒன்று அசையாமல் நிற்கும். அதைச் சுற்றி, கடல் இருக்க வேண்டிய இடத்தில், வெண்புகை படர்ந்து கிடக்கும். அலையும் இருக்காது, நுரையும் இருக்காது. ஷட்டரை அரை நிமிடமோ ஐந்து நிமிடமோ திறந்தே வைத்து எடுக்கும் 'லாங் எக்ஸ்போஷர்' படம் அது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு முளைத்த உத்தி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது கேமராவோடு கூடப் பிறந்த குறை. அதை ஒழிக்க முதல் தலைமுறைப் புகைப்படக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிரான்சில் நியெப்ஸ் 1826-27 வாக்கில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த படம்தான் இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம். அதற்குக் குறைந்தது 8 மணி நேர வெளிச்சம் தேவைப்பட்டது. அதற்குள் சூரியன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டதால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கும். 1838இல் டாகேர் பாரீசின் பரபரப்பான சாலை ஒன்றைப் படமெடுத்தார். சில நிமிட எக்ஸ்போஷர். வண்டிகளும் ஆட்களும் மாயமாகிவிட்டார்கள். பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்றவர் மட்டும் படத்தில் விழுந்தார். தெருவுக்கே இந்தக் கதி என்றால் கடலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே 1850களில் எல்லோருக்கும் ஒரே வெறி: அலையைப் பிடிக்க வேண்டும். வேல்ஸ் நாட்டின் காஸ்வெல் விரிகுடாவில் ஜான் டில்வின் லெவெலின் என்பவர் கரையில் உடையும் அலைகளைப் பிடித்தார். அந்தப் படங்களுக்கு 1855இல் பாரீஸ் பொருட்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அலை அலையாகவே தெரிந்ததற்கு ஒரு பதக்கம்!

ஆனால் கடலை உண்மையாக வென்றவர் குஸ்தாவ் லெ கிரே. ஓவியம் படித்துவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தவர். 1856-57இல் நார்மண்டிக் கரையிலும் தெற்கே செத் துறைமுகத்திலும், கொலோடியன் பூசிய ஈரக் கண்ணாடித் தகடுகளோடு அலைந்தார். அந்தத் தகடு முந்தையவற்றைவிட வேகமானது, ஆனால் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி மயங்கும். கடல் சரியாகப் பதியும்போது வானம் வெளிறிப்போகும். வானத்துக்கு நேரத்தைக் குறைத்தால் கடல் இருண்டுவிடும். லெ கிரே வானத்தைத் தனியாக, கடலைத் தனியாக எடுத்தார். இரண்டு நெகட்டிவையும் தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் தலைகாட்டுவது இதனால்தான். இன்று வானத்தை மாற்றி ஒட்டுகிறவர்களைத் திட்டுவோர் கொஞ்சம் யோசிக்கலாம்.

படங்கள் புகழ் தந்தன, கடனை அடைக்கவில்லை. 1860இல் எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவோடு கப்பலேறியவர் நடுவழியில் மால்டாவில் இறக்கிவிடப்பட்டார். பாரீசுக்குத் திரும்பாமல் கெய்ரோவில் ஓவிய ஆசிரியராகக் காலம் தள்ளி, 1884இல் அங்கேயே இறந்தார். அவருடைய 'பேரலை' அச்சு ஒன்று 1999இல் லண்டன் ஏலத்தில் 5,07,500 பவுண்டுக்குப் போனது. அன்றைக்கு அதுவரை எந்தப் புகைப்படமும் அந்த விலைக்குப் போனதில்லை. நமக்கும் அவரிடம் ஒரு கடன் உண்டு. அவர் வகுத்த மெழுகுத்தாள் நெகட்டிவ் முறையைத் தழுவித்தான் லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். வெளிறிய வானத்துக்கு டிரைப் கண்ட வழி இன்னும் நேரானது: நெகட்டிவின் மேலேயே மேகத்தை வரைந்துவிட்டார்.

1871இல் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். 1878இல் மைப்ரிட்ஜ் ஓடும் குதிரையைப் படத்தில் நிறுத்திக் காட்டினார். அதன் பிறகு அலையை உறையவைப்பது பெரிய வித்தை அல்ல.

இனித்தான் வேடிக்கை. இங்கிலாந்தில் 1953இல் பிறந்த மைக்கேல் கென்னா 1970களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், ரூத் பெர்னார்ட் என்ற மூத்த கலைஞரின் படங்களை அச்சிட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தார். அந்தக் காலத்திலேயே இரவில் படமெடுக்கும் பழக்கமும் பிடித்துக்கொண்டது. ஃபிலிமுக்கு ஒரு சோம்பல் உண்டு. மங்கிய ஒளியில் நேரத்தை இரட்டித்தாலும் பதிவு இரட்டிக்காது. வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட் 1899 வாக்கிலேயே நட்சத்திரங்களைப் படமெடுக்கும்போது இதை அளந்து சொல்லியிருந்தார். எனவே இரவுப் படம் என்றால் மணிக்கணக்கு. கென்னாவின் சில படங்களுக்குப் பத்து மணி நேரம்கூட ஆனது. அத்தனை நேரத்தில் அலை எங்கே தங்கும்? ஜப்பானின் ஹொக்கைடோ கரைகளில் அவர் எடுத்த சிறிய சதுரப் படங்களில் கடல் வெற்றுத்தாளாகவே இருக்கிறது. நடுவே நாலைந்து மரக்கம்பங்கள். லெ கிரே விரட்டிய பனியை இவர் கூப்பிட்டு உட்காரவைத்தார். இன்றைய காலண்டர் கடல்களில் பாதிக்கு இவர்தான் மூதாதை என்பது என் கட்சி.

இருட்டும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. 'பத்து ஸ்டாப்' என்டி ஃபில்டர் ஒளியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். விநாடியில் 30இல் ஒரு பங்கு நேரத்தில் முடியவேண்டிய படம் 34 விநாடிக்கு நீளும். அந்த 34 விநாடியில் நுரை ஒவ்வொரு புள்ளியிலும் வந்து வந்து போகிறது. கேமரா எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்துத் தருவதுதான் நாம் காணும் புகை. முக்காலியை ஈர மணலில் நட்டால் ஒவ்வொரு அலைக்கும் கால் புதையும், பாறையும் கலங்கிவிடும். காசில்லாதவர்கள் வெல்டிங் கண்ணாடியை லென்சின் முன் கட்டிப் பச்சைக் கடல் எடுத்த காலமும் உண்டு. 2017 முதல் ஐபோனே பல ஃப்ரேம்களை ஒன்றாகக் குழைத்து இதைச் செய்துவிடுகிறது.

எளிதானதுமே சலித்தும்விட்டது. ஐந்து நிமிடம் திறந்துவைத்த படத்தில் கோவளமும் கன்னியாகுமரியும் நார்மண்டியும் ஒரே முகம் கொள்கின்றன. எந்தக் கரையின் அலை எப்படித் திரும்பும் என்ற அடையாளமே போய்விடுகிறது. அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடி வரைதான் என் வரையறை. பின்வாங்கும் நீர் மணலில் கோடு கோடாய் இழுபடுவது அப்போதுதான் தெரியும். அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது அந்தப் பத்து ஸ்டாப்பைப் பையிலேயே விட்டுவிட்டு, அந்தி மங்கலில் அரை விநாடிக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.