பாலிசி யார் பெயரில்?

1666 செப்டம்பரில் லண்டன் நான்கு நாள் எரிந்தது. சுமார் 13,200 வீடுகள் போயின. அந்தச் சாம்பல் மேட்டில் வீடு கட்டி விற்றுக் காசு பார்த்தவர்களில் ஒருவர் நிக்கோலஸ் பார்பன். படித்தது மருத்துவம், பிழைத்தது மனை வியாபாரத்தில். வீட்டோடு பயத்துக்கு மருந்தும் விற்கலாமே என்று 1680 வாக்கில் தீக்காப்பீட்டு அலுவலகம் திறந்தார். செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் இரண்டரை சதவீதம், மரவீட்டுக்கு ஐந்து. பின்னால் வந்த நிறுவனங்கள் காப்பீடு எடுத்த வீடுகளின் முகப்பில் ஈயத் தகடு அடித்தன. சன் நிறுவனத்தின் தகட்டில் பாலிசி எண்ணும் இருக்கும்.

தகடு என்னவோ சுவரில்தான் இருந்தது. காப்பு சுவருக்கா, ஆளுக்கா?

ஆன் ஸ்ட்ரோட் என்ற பெண்ணின் வழக்கு இதற்குப் பதில் சொன்னது. லண்டனின் சேணம் செய்வோர் சங்கத்துக்குச் சொந்தமான வீட்டில் அவருக்கு ஆறரை ஆண்டுக் குத்தகை பாக்கி இருந்தது. அவரோ 'ஹேண்ட் இன் ஹேண்ட்' நிறுவனத்தில் 400 பவுண்டுக்கு ஏழாண்டு பாலிசி எடுத்தார். குத்தகை முடிந்தது, பாலிசிக்கு இன்னும் சில மாதங்கள் மிச்சம். அந்த இடைவெளியில் வீடு எரிந்தது. எரிந்த பிறகு பாலிசியை அவர் சங்கத்தின் பெயருக்கு எழுதிக்கொடுக்க, சங்கம் பணம் கேட்டது. 1743இல் நீதிபதி லார்டு ஹார்ட்விக் மறுத்துவிட்டார். காப்பீடு எடுக்கும்போதும் சரி, வீடு எரியும்போதும் சரி, எடுத்தவருக்கு அந்த வீட்டில் உரிமை இருக்க வேண்டும் என்றார். பிரீமியம் கட்டியாயிற்றே என்ற வாதம் எடுபடவில்லை. கறாரான தீர்ப்புதான், ஆனால் உரிமையில்லாதவருக்கும் பணம் என்றால், பழைய வீடுகளுக்கு அடிக்கடி தீப்பிடித்திருக்கும்.

குத்தகை முடிவதுபோல மணவாழ்க்கை முறிந்தால்? அன்றைய இங்கிலாந்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1857 வரை முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் போட்டாக வேண்டும். அப்படி வென்ற மனைவிகள் நான்கே பேர். விதவைக்கும் மணமாகாதவளுக்கும் இருந்த சொத்துரிமை மனைவிக்கு இல்லை. கணவரைப் பிரிந்து வாழ்ந்த கரோலின் நார்ட்டன் எழுதிச் சம்பாதித்ததுகூடச் சட்டப்படி கணவருடையதுதான். நார்ட்டன் நடத்திய போராட்டம் 1857 சட்டத்தில் எதிரொலித்தது: நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்த மனைவி அதன்பின் ஈட்டுவது அவளுக்கே என்றானது. 1883 ஜனவரி முதல் மணமான பெண்கள் அனைவருக்கும் தனிச்சொத்து உரிமை வந்தது.

அதே ஆண்டில் பிரெஸ்டன் வழக்கின் இரண்டாம் சுற்றும் முடிந்தது. லிவர்பூலில் விற்க ஒப்பந்தமான ஒரு கட்டடம் கிரயம் முடியுமுன் தீப்பிடித்தது. காப்பீட்டு நிறுவனம், விற்றவரான பிரெஸ்டனுக்கு 330 பவுண்டு கொடுத்தது. வாங்கியவர் அதைக் கேட்டு 1881இலேயே தோற்றிருந்தார். விற்றவரோ முழு விலையும் பெற்றுவிட்டதால், கொடுத்ததை நிறுவனம் 1883இல் திரும்ப வாங்கிக்கொண்டது. கட்டடம் கைமாறினாலும் பாலிசி தானாகக் கூடப்போவதில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

வீட்டை ஒருவரிடமிருந்து பறித்து மற்றவருக்குக் கொடுக்கும் அதிகாரம் விவாகரத்து நீதிமன்றங்களுக்கு வந்தது 1970களில்தான். அதற்கு முன்பே, 1967இல், கணவர் பெயரிலுள்ள வீட்டில் குடியிருக்கும் உரிமை மனைவிக்குக் கிடைத்திருந்தது. இப்படிக் கணவர் வெளியேறி, வீடு மனைவி பெயருக்கு மாறிய குடும்பங்களில் ஹார்ட்விக்கின் கேள்வி மறுபடி எழுந்தது: தீப்பிடிக்கும் நாளில் பாலிசியில் இருக்கும் பெயருக்கு வீட்டில் உரிமை உண்டா? நீதிமன்ற உத்தரவு பத்திரத்தில் பெயரை மாற்றும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தனியாகத்தான் தெரிவிக்க வேண்டும்.