எம்.சி.வி. 64: ஒரு ரத்த ரிப்போட்டுக்குள் இருக்கிற வரலாறு

கம்பஸில் நடந்த ரத்ததான முகாமுக்கு எங்கட குழுவிலிருந்து ஐந்து பேர் போனோம். நாலு பேர்தான் ரத்தம் கொடுத்தோம். ஐந்தாமவள் வாழைச்சேனைக்காரி. விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரத்தம் காணாது தங்கச்சி" எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. அவளுக்கு இது புதுசில்லை. ஓ.எல். படிக்கிற காலத்திலிருந்தே ரத்தம் குறைவு எண்டு இரும்புச்சத்துக் குளிசை குடிக்கிறாள். வீட்டில் முருங்கையிலை காய்ச்சாத கிழமையே இல்லை. ஆனாலும் ரத்தம் ஏறவில்லை.

இந்த முறை ஒரு டொக்டர் எஃப்.பி.சி. ரிப்போட்டை முழுதாக வாசித்தார். ஹீமோகுளோபின் 10.6. எல்லாரும் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். அவர் கீழே இருந்த எம்.சி.வி. 64 என்பதையும், சிவப்பணு எண்ணிக்கை 5.5 என்பதையும் வட்டம் போட்டு, இன்னொரு டெஸ்ட் எழுதினார். அதன் முடிவு, அவள் பீட்டா தலசீமியாக் காவி என்பது. நோயாளி இல்லை, காவி மட்டும்தான்.

வீட்டில் அம்மா சொன்னது ஒரே வரி: "இத வெளியில கதைக்காத மனே, மறுகா கலியாணம் பேசேக்க கேப்பாங்க."

நாங்கள் கலைப்பீடக்காரர். மருத்துவம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் வரலாறு தேடத் தெரியும். அவளின் சம்மதத்தோடு, அவள் பெயர் இல்லாமல், நாங்கள் தேடியதை இங்கே எழுதுகிறோம்.

எண்ணத் தொடங்கிய கதை

மனித ரத்தத்தில் எத்தனை அணு இருக்கு எண்டு முதலில் எண்ணிப் பார்த்தவர் ஜேர்மனியரான கார்ல் ஃபியரோர்ட். ஆண்டு 1852. நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒவ்வொன்றாக எண்ணினார். 1929இல் அமெரிக்காவின் மக்ஸ் வின்ட்ரோப் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை உருவாக்கினார். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதை அது காட்டியது. அந்த அளவை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு அணுவின் சராசரிப் பருமன் வரும். அதுதான் எம்.சி.வி. இரத்தச்சோகை என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறு நோய்கள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க இந்தக் கணக்குத்தான் வழி திறந்தது. 1953இல் வோலஸ் கூல்டர் தன் எண்ணும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சின்னத் துளையால் அணுக்களை ஓடவிட்டு, மின்சாரம் தடைப்படுவதை வைத்து எண்ணுகிற முறை அது. இன்று ஆஸ்பத்திரி மெஷின்கள் பலவற்றுக்குள் இருப்பது அந்த யோசனைதான்.

பெரியவர்களுக்கு எம்.சி.வி. சாதாரணமாக 80 முதல் 100 ஃபெம்டோலீட்டர் வரை இருக்கும். 80க்குக் கீழே போனால் அணுக்கள் சின்னது என்று அர்த்தம். இதுக்கு இரண்டு காரணங்கள் பொதுவானவை: ஒன்று இரும்புச்சத்துக் குறைவு, மற்றது தலசீமியாக் காவிநிலை. இரும்பு குறைந்தால் உடம்பு அணுக்களைச் சின்னதாகவும் குறைவாகவும் செய்யும். காவிக்கோ அணு சின்னதாக இருந்தாலும் எண்ணிக்கை குறையாது, சிலவேளை கூடவே இருக்கும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்கலாம் என்று 1973இல் மென்ட்சர் என்ற மருத்துவர் ஒரு எளிய கணக்குச் சொன்னார். எங்கட கூட்டாளிக்கு 64ஐ 5.5ஆல் வகுத்தால் 11.6. இது தடயம் மட்டுமே. எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2இன் அளவு பார்த்துத்தான் முடிவு சொல்ல ஏலும். இரண்டு நிலையும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும் என்பதால் இரும்பையும் தனியாக அளக்க வேணும்.

அவள் குடித்த குளிசைகள் அவளுக்கு உதவாமல் போனதன் காரணம் இப்போது விளங்குது. குறைந்தது இரும்பு இல்லை. ஹீமோகுளோபின் செய்வதற்கான கட்டளையில் ஒரு எழுத்து.

கடலின் பெயர்

1925இல் டெட்ரொய்ட் நகரின் குழந்தை மருத்துவர் தோமஸ் கூலி ஒரு வகைச் சோகையை விவரித்தார். மண்ணீரல் வீங்கி, முக எலும்பு மாறி, ரத்தம் வற்றிப்போகிற பிள்ளைகள். அவர் பார்த்த பிள்ளைகளின் குடும்பங்கள் இத்தாலி, கிரேக்கப் பக்கமிருந்து வந்தவை. அதனால் 1930களில் விப்பிள், பிராட்ஃபோர்ட் என்ற இருவர் கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் 'தலசா' என்ற சொல்லிலிருந்து தலசீமியா என்று பெயர் வைத்தார்கள். மத்தியதரைக் கடலோர மக்களின் நோய் என்பது அவர்கள் நினைப்பு.

அந்த நினைப்பு பிழை. 1950களில் டேவிட் வெதரோல் என்ற இளம் பிரித்தானிய மருத்துவர் கட்டாய ராணுவச் சேவைக்காக சிங்கப்பூர் போனார். அங்கே ரத்தம் ஏற்றினால் மட்டுமே உயிர் தங்குகிற ஒரு கூர்க்காப் படைவீரரின் பிள்ளையைக் கண்டார். பிள்ளைக்கு இருந்தது தலசீமியா. நேபாளத்தில் ஏது மத்தியதரைக் கடல்? அந்தக் கேள்வியோடு தொடங்கியவர் பிறகு ஒக்ஸ்ஃபோர்டில் உலகின் பெரிய தலசீமியா ஆய்வாளரானார். அவரது பாதை கடைசியில் இலங்கைக்கும் வந்தது.

நுளம்பு எழுதிய வரலாறு

பிள்ளைகளைக் கொல்கிற ஒரு மரபணு ஏன் அழிந்துபோகவில்லை? 1940களின் கடைசியில் ஜே.பி.எஸ். ஹோல்டேன் ஒரு பதில் சொன்னார். பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்தால் பிள்ளைக்கு நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து கொஞ்சம் பாதுகாப்புக் கிடைக்கும். மலேரியா ஊர்களில் காவிகள் கூடுதலாகத் தப்பிப் பிழைத்தார்கள், அதனால் மரபணுவும் பிழைத்தது. இதே ஹோல்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.

இதோடு உறவான இன்னொரு நோய் அரிவாள் அணுச் சோகை. அது ஆபிரிக்கர்களுக்கு மட்டுமே உரியது என்று நம்பிய காலத்தில், 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம் அதே காவிநிலையைக் கண்டார்கள். 1954இல் அந்தோனி அலிசன் கிழக்கு ஆபிரிக்காவில் அரிவாள் அணுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். ஹோல்டேனின் ஊகத்துக்கு ஆதாரம் சேரத் தொடங்கியது.

இனி எங்கட தீவுக்கு வருவோம். 1934-35இல் இலங்கையில் வந்த மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுப் படுக்கையின் குட்டைகளில் நுளம்பு பெருகியது. மோசமாக அடிபட்டது மலேரியாவுக்குப் பழகாத ஈரவலயப் பக்கம். மட்டக்களப்பு உட்பட உலர்வலயத்துக்கு மலேரியா புதுசில்லை. பரம்பரை பரம்பரையாக அதோடு வாழ்ந்த மண் இது. 1940களில் டி.டி.டி. வந்தது. 1963இல் தீவு முழுக்கப் பதிவானது வெறும் 17 மலேரியா நோயாளர். அலட்சியம் வந்தது, 1960களின் கடைசியில் அது லட்சக்கணக்கில் திரும்பியது. யுத்த காலத்தில் வடகிழக்கு மறுபடியும் காய்ச்சலில் கிடந்தது. 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லாதிருந்ததால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

ஒன்றைக் கவனிக்க வேணும். 1934இன் கொள்ளைநோய் இந்த மரபணுவை உண்டாக்கவில்லை. அதுக்கு ஆயிரமாயிரம் வருசத் தேர்வு தேவை. நுளம்பைத் துரத்தி முடித்துவிட்டோம், ஆனால் நுளம்பு எழுதிவிட்டுப் போனது எங்கட ரத்தத்தில் இன்னும் இருக்கு.

யாருடைய ரத்தம்?

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கு. 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான ஒரு ஆய்வில் இலங்கை மருத்துவர்களும் வெதரோலின் குழுவும் நாட்டின் 703 நோயாளரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பீட்டா மரபணுவில் 23 வகை மாற்றங்கள் கிடைத்தன. ஆனால் பெரும்பாலானோரின் நோய்க்குக் காரணம் மூன்றே மூன்று மாற்றங்கள். அதில் ஒன்று இந்தியாவில் மிகப் பரவலாக உள்ள அதே ஒற்றை எழுத்து மாற்றம். இன்னொன்று ஹீமோகுளோபின் இ. அது வங்காளத்திலும் தென்கிழக்காசியாவிலும் பெருகிக் கிடப்பது.

எங்கட பக்கத்தில் "எங்கட ரத்தம், அவங்கட ரத்தம்" எண்டு கதைக்கிற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் இடையில் அந்தக் கதைக்குக் கொடுத்த விலை பெரிசு. ஆனால் இந்த எழுத்துப் பிழைகள் மொழி பார்த்து, மதம் பார்த்து நிற்கவில்லை. தலசீமியாப் பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கா ஏற்றுகிற ரத்தப் பையிலும் கொடுத்தவரின் இனம் எழுதியிருக்காது.

குடியும் மச்சானும்

மட்டக்களப்பில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி முறை இருக்கு. குடி தாய்வழியாக வரும். ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது. ஆனால் மாமன் மகன், மாமி மகள் வேறு குடி, அதனால் மச்சான் மச்சாள் கலியாணம் முறைதான். எங்களில் சிலர், "குடி பார்த்துக் கட்டினால் ரத்தம் விலகும்தானே?" எண்டு கேட்டார்கள். விலகாது. குடி ஒரு பக்கத்தை மட்டும் எண்ணும், மரபணு இரண்டு பக்கத்தையும் எண்ணும். மச்சானும் மச்சாளும் வேறு வேறு குடியாக இருந்தாலும் அவர்களுக்கு அம்மம்மா அப்பப்பா என்று ஒரு சோடி பொதுவாக இருக்கும். அந்தச் சோடியில் ஒருவர் காவியாக இருந்தால், அதே எழுத்து இருவரிடமும் வந்திருக்கிற வாய்ப்புக் கூடும்.

கணக்கு இதுதான். ஒருவர் காவி, மற்றவர் இல்லை என்றால் பிள்ளைக்குப் பெரிய தலசீமியா வராது. இருவரும் காவி என்றால் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வந்தால் ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேணும். ஏற்றும் ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற ராத்திரி முழுக்கத் தோலுக்குக் கீழே ஊசி, இப்போது குளிசையும் இருக்கு. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை உண்டு, 2023இல் மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கும் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. எங்கட ஊர்க் குடும்பங்களுக்கு அது கைக்கெட்டாத விலை.

சைப்பிரஸ் 1970களிலிருந்து பரிசோதனை செய்து, நோயோடு பிறக்கும் பிள்ளைகளை அநேகமாக இல்லாமலே ஆக்கியது. கர்ப்பத்திலேயே பரிசோதிப்பதும் அங்கே வழியில் ஒன்று. இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்குது. ஆகவே இங்கே பரிசோதனை கலியாணத்துக்கு முன்னமே நடக்க வேணும். சாதகப் பொருத்தத்தோடு ஒரு எஃப்.பி.சி.யும் பார்த்தால் போதும், எம்.சி.வி. குறைந்திருந்தால் அடுத்த டெஸ்ட்டைக் கேட்கலாம்.

ஆனால் பரிசோதனை மட்டும் காணாது. காவி எண்டு தெரிந்த பொம்பிளைப்பிள்ளையை ஒதுக்குகிற ஊரில் ஒருத்தியும் ரத்தம் கொடுத்துப் பார்க்க மாட்டாள். அந்த அம்மா பயந்தது நோய்க்கு இல்லை, எங்கட வாய்க்குத்தான்.

எங்கட கூட்டாளிக்குப் பேசியிருப்பது சொந்த மாமன் மகனை. அவள் அம்மா சொன்னதை மீறி ரிப்போட்டைப் படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவன் ஒரு படம் அனுப்பினான்: ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டிய கை. முடிவு அடுத்த கிழமை வரும். எதுவாக இருந்தாலும் இருவரும் தெரிந்துகொண்டு முடிவெடுப்போம் எண்டு சொல்லியிருக்கிறார்கள்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கட வீட்டு அலுமாரியிலும் பழைய எஃப்.பி.சி. ரிப்போட் ஒன்று மடிந்து கிடக்கும். எடுத்து எம்.சி.வி. வரியை ஒருக்காப் பாருங்க.