தடுப்பூசிக்குப் பின் தீராத தோள்பட்டை வலி: அமெரிக்காவில் இழப்பீடு கேட்பது எப்படி?

ஊசி போட்டா கை வலிக்கிறது சகஜம்தான். ரெண்டு நாள்ல சரியாகிடும். ஆனால், மாதக்கணக்கில் கையைத் தூக்கவே முடியாமல் போனால்? இதை 'சிர்வா' என்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்காவில் இதற்கு அரசிடம் இழப்பீடு கேட்கலாம்.

ஏன் வருகிறது?

மேல்கைத் தசையில் இறங்க வேண்டிய ஊசி, கொஞ்சம் மேலே ஏறி தோள் மூட்டுப் பகுதியில் இறங்குவதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதாவது, சிக்கல் மருந்தில் இல்லை, ஊசி இறங்கிய இடத்தில்.

யாரிடம் கேட்பது?

1986-ல் வந்த சட்டப்படி இதற்கென தனித் திட்டம் இருக்கிறது. மனுவை ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்மனுதாரர், மருந்து கம்பெனியோ நர்ஸோ அல்ல. சுகாதாரத் துறை செயலர். யாருடைய அலட்சியத்தையும் நிரூபிக்கத் தேவையில்லை. ஃப்ளூ ஊசியும் இதில் அடக்கம். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயமில்லை என்பதால், அங்கு வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களும் கேட்கலாம்.

மறக்கக் கூடாத கணக்கு

* 48 மணி நேரம்: ஊசி போட்ட தோளில் இதற்குள் வலி தொடங்கியிருந்தால், காரணத்தை நிரூபிப்பது எளிது. 2017 முதல் இந்த விதி இருக்கிறது.
* 6 மாதம்: பாதிப்பு இதைத் தாண்டி நீடித்திருக்க வேண்டும். அல்லது, ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் செய்திருக்க வேண்டும்.
* 3 ஆண்டு: முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து இதற்குள் மனு போட்டாக வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்?

மருத்துவச் செலவு, இழந்த சம்பளம் கேட்கலாம். வலி, வேதனைக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர். நியாயமான அடிப்படையோடு போட்ட மனு என்றால், தோற்றாலும் வக்கீல் ஃபீஸைத் திட்டமே தரும். உங்கள் இழப்பீட்டில் வக்கீல் பங்கு கேட்க முடியாது.

கொரோனா ஊசி என்றால்?

அது வேறு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து 1 வருடம்தான் அவகாசம். வலி, வேதனைக்குப் பணம் கிடையாது. வக்கீல் ஃபீஸும் கிடையாது.

இப்போதே என்ன செய்யணும்?

'தானா சரியாகிடும்'னு நாள் கடத்தினால், வலி எப்போது தொடங்கியது என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போகும். சீக்கிரம் டாக்டரைப் பாருங்கள். எந்தத் தேதியில், எந்தக் கையில் ஊசி, எப்போது வலி என்பதைச் சொல்லி, அதை ரெக்கார்டில் எழுதச் சொல்லுங்கள். தடுப்பூசிச் சான்றையும் பத்திரமாக வையுங்கள்.