பெயர் மாறியதும் இடம் மாறியதும்

யூனிட் டெஸ்டுகளில் காலாவதியான அசர்ட் முறைகளை மாற்றும் வேலையை யாரும் ஆசையாகக் கேட்டு வாங்குவதில்லை. பழைய பெயரைத் தேடிப் புதியதைப் போடுவதுதானே என்பது பொதுவான எண்ணம். பைத்தானுக்கு அது பெரும்பாலும் சரி. ஜாவாவுக்குச் சரியில்லை.

இரண்டின் டெஸ்ட் நூலகங்களும் ஒரே வம்சம். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜாவாவுக்கு எழுதிய ஜேயூனிட்டைப் பின்பற்றியே பைத்தானின் யூனிட்டெஸ்ட் உருவாகி, 2001-இல் பைத்தான் 2.1-உடன் வந்தது. பழையதைக் கழிப்பதில்தான் இரண்டும் வேறு வழியில் போயின.

பைத்தானில் ‘அசர்ட்ஈக்வல்’ என்பதற்கே ‘அசர்ட்ஈக்வல்ஸ்’ என்று இன்னொரு பெயரும் இருந்தது. 2011-இல் வந்த 3.2 பதிப்பிலேயே அந்த இரண்டாம் பெயர் வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். 3.11-இல் நீக்கப் பார்த்தார்கள். பல திட்டங்கள் உடைந்ததால் தள்ளிவைத்தார்கள். கடைசியில் 2023 அக்டோபரில் வெளியான 3.12-இல் நீக்கினார்கள். பன்னிரண்டு ஆண்டு அவகாசம்! அதன் பிறகும் பழைய பெயரை விட்டுவைத்தவருக்கு, அப்படியொரு முறையே இல்லை என்ற பிழை வரும். டெஸ்ட் ஓடாது. ‘ஸ்’ஸை எடுத்தால் ஓடும்.

ஜேயூனிட் 4-இலிருந்து 2017-இல் வந்த 5-க்குப் போகும்போது பெயர் அப்படியே இருக்கிறது. உள்ளீடுகளின் வரிசைதான் மாறிவிட்டது. முன்பு பிழைச்செய்தி முதலில் வந்தது, இப்போது கடைசியில் வருகிறது. ஒரு சொல்லைத் தலைகீழாக எழுதித் தரும் நிரலை எடுத்துக்கொள்வோம். ‘திருச்செங்கோடு’ என்று கொடுத்தால் விடை அதே சொல்லாக இருக்கக்கூடாது. இதைச் சோதிக்க ‘அசர்ட்நாட்ஈக்வல்ஸ்’ முறைக்குப் பிழைச்செய்தி, ஊர்ப்பெயர், விடை என்ற வரிசையில் மூன்று சரங்களைப் பழைய வழக்கப்படி தந்திருக்கிறோம். இம்போர்ட் வரியை மட்டும் ஐந்துக்கு மாற்றினால் கம்பைலர் வாய் திறக்காது, ஏனென்றால் மூன்றுமே சரங்கள். ஆனால் இப்போது பிழைச்செய்தியும் ஊர்ப்பெயரும்தான் ஒப்பிடப்படுகின்றன. அவை என்றைக்கும் வேறு வேறுதான். நிரல் சொல்லைத் திருப்பாமலே விட்டாலும் டெஸ்ட் பச்சை காட்டும்.

‘அசர்ட்ஈக்வல்ஸ்’ முறையில் இதே தவறு நடந்தால் டெஸ்ட் தோற்றுக் காட்டிக்கொடுத்துவிடும். ‘நாட்’ சேர்ந்ததுதான் ஆபத்து.

ஆகவே இரண்டில் பைத்தானின் வழியே நல்லது என்பேன். அவகாசம் கொடுத்து, பிறகு ஒரேயடியாக உடைப்பது கடுமையாகத் தெரியலாம். ஆனால் உடைந்தது கண்ணுக்குத் தெரிகிறது. ஜேயூனிட் 5 செய்தியைக் கடைசிக்குக் கொண்டுபோனதற்கும் நியாயம் உண்டு: வேண்டுமானால் மட்டும் தருகிற ஒன்று கடைசியில் இருப்பதே முறை. ஆனால் வரிசை மாறிய அசர்ட்டுகளுக்குப் புதுப்பெயர் சூட்டியிருக்கலாம்.

திருச்செங்கோட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் இதுபோன்ற பழைய நிரல்தான். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓபன்ரீரைட் போன்ற கருவிகள் உள்ளீடுகளையும் சேர்த்தே இடம் மாற்றித் தரும், பயன்படுத்துங்கள். மாற்றி முடித்ததும் பச்சையைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நிரலை வேண்டுமென்றே ஒருமுறை கெடுத்துவிட்டு டெஸ்டை ஓட்டிப் பாருங்கள். சிவப்பு வந்தால் மட்டும் கமிட் செய்யுங்கள், கெடுத்ததைச் சரிசெய்த பிறகு.