மேற்கோள் வாக்கியமும் நிறுத்தற்குறிகளும்

பிறர் கூற்றைக் கட்டுரைக்குள் எடுத்தாளும்போது இடும் காற்புள்ளி, முக்காற்புள்ளி, மேற்கோள்குறி ஆகியவை தமிழுக்கு அச்சின் வழியே வந்தவை. ஓலைச்சுவடிகளில் இவை இல்லை. சொற்களுக்கு இடையே இடைவெளிகூடக் கிடையாது. ஆனாலும் மேற்கோள் காட்டும் மரபு மிகப் பழையது. தொல்காப்பியர் முன்னோர் கருத்தை 'என்ப', 'என்மனார்' என்னும் சொற்களால் சுட்டினார். உரையாசிரியர்கள் பாட்டை எடுத்துக்காட்டி 'என', 'என்றார்' எனக் கூறி முடித்தனர்.

இச்சொற்கள் கூற்று முடியும் இடத்தைக் காட்டுமே தவிர, தொடங்கும் இடத்தைக் காட்டா. 'திறனாய்வாளர் அன்று நாவல் எழுதுவோர் குறைவு என்றார்' என்பதில் 'அன்று' யாருடைய சொல்? அவர் பேசிய நாளா, நாவல் எழுதுவோர் குறைவாக இருந்த காலமா? திறனாய்வாளர் அன்று, "நாவல் எழுதுவோர் குறைவு" என்றார் என எழுதினால் ஐயம் தீர்கிறது. மேற்கோள்குறியால் தமிழ் உரைநடை பெற்ற பெரும்பயன் இதுவே.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானதோடு தமிழ் எழுத்து அச்சேறத் தொடங்கியது. எனினும் தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகள் நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். பார்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879), அவற்றைத் தம் நூல்களில் ஒழுங்காகக் கையாண்டு வழிகாட்டினார். பதிப்பாசிரியர்களுக்கோ வேறு சுமை இருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், உரையில் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை எனத் தேடி அலைந்தார். மூலம் தெரியாமல் கிடக்கும் மேற்கோள், பிற்காலத்தாருக்கு எவ்வளவு வேலை வைக்கும் என்பதற்கு அவர் பட்ட பாடே சான்று.

பழைய அச்சு நூல்களில் 'வருமாறு' என்பதை அடுத்து முக்காற்புள்ளியும் சிறு கோடும் சேர்ந்து வருவதுண்டு. இன்று முக்காற்புள்ளி மட்டும் போதும். நேர்கூற்றுக்கு இரட்டைக் குறியும், நூற்பெயருக்கும் தனிச்சொல்லுக்கும் ஒற்றைக் குறியும் இடுவது பெருவழக்கு. செய்யுளை மேற்கோளாகத் தரும்போது தனிப் பத்தியாக உள்தள்ளி, பாட்டெண்ணை அடைப்புக்குறிக்குள் தருவர்.

கூற்றுக்குப் பின் 'என்று' வந்தால், கூற்றுக்கு முன்னே காற்புள்ளி இடுக. 'பின்வருமாறு' என முடித்தால் முக்காற்புள்ளி இடுக. முக்காற்புள்ளி இட்டுவிட்டு இறுதியில் 'என்று கூறுகிறார்' எனவும் சேர்ப்பது இன்றைய கட்டுரைகளில் மிகுதியாகக் காணும் பிழை. மாணவர் இதைத் தவிர்க்க வேண்டும்.