மேருவாக எழுந்த மஞ்சட் சோறு

ஜாவாத் தீவில் மங்கல நிகழ்வொன்று நடைபெறும்போது, வாழையிலை விரித்த சுளகின் நடுவே மஞ்சட் சோறு கூம்பு வடிவில் நிமிர்ந்து நிற்கும். இதனைத் தும்பெங் என்பர். கருவுற்ற பெண்ணுக்கான ஏழாம் மாதச் சடங்கு, திருமணம், புதுமனை புகுதல், ஆகஸ்ட் 17 சுதந்திர தினம் என எதிலும் இதற்கு இடமுண்டு. இந்தோனேசியாவின் 30 பாரம்பரிய உணவுகளை அந்நாட்டின் சுற்றுலா அமைச்சு பட்டியலிட்டபோது, தும்பெங்கையே அவற்றின் சின்னமாகத் தெரிவு செய்தது.

இதன் சமையல் எமக்கு அந்நியமானதன்று. ஊறவைத்த அரிசியை முதலில் அரைவேக்காடாக அவிப்பர். தேங்காய்ப்பாலில் மஞ்சள், ரம்பை, எலுமிச்சைப்புல், உப்பு ஆகியவற்றை இட்டுச் சூடாக்கி, அந்தச் சோற்றை அதிற் கொட்டிப் பால் முழுவதும் வற்றும்வரை கிளறுவர். பின்னர் மூங்கிலால் முடைந்த கூம்புக் கூடையில் இட்டு மீண்டும் ஆவியில் வேகவைப்பர். இலங்கையின் மஞ்சட் சோற்றிலும் தேங்காய்ப்பாலும் ரம்பையும் மணப்பதை வாசகர்கள் அறிவர். ஜாவாவிலோ கோழிப் பொரியல், அவித்த முட்டை, நெத்தலி, தேங்காய்ப்பூ கலந்த கீரை வகைகள் முதலியன சோற்று மலையின் அடிவாரத்தைச் சூழ்ந்திருக்கும். பக்க உணவுகள் ஏழாக அமைவது மரபு. ஜாவா மொழியில் ஏழு என்னும் சொல், உதவி என்னும் சொல்லை ஒத்து ஒலிக்கிறது.

மலை வடிவம் ஏன்? இந்து, பௌத்த சமயங்கள் ஜாவாவில் வேரூன்றியிருந்த காலத்தின் மேரு மலையே இதில் நிழலாடுகிறது எனக் கூறுவர். ஜாவா நிலைகொள்ளாது ஆடியதால் தேவர்கள் பாரதத்திலிருந்து மேருவைப் பெயர்த்து வந்து அங்கு நிறுத்தினர் எனத் தந்து பங்கெலரான் என்னும் பழைய ஜாவா நூல் கதை சொல்கிறது. 3,676 மீற்றர் உயரமான செமேரு எரிமலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

பின்னர் இஸ்லாம் பரவியது. மலை கரைந்துவிடவில்லை, அதன் முன்னே அரபு மொழிப் பிரார்த்தனை ஒலிக்கத் தொடங்கியது. ஸ்லாமெத்தான் எனப்படும் அவ்விருந்தைச் சீர்திருத்த நோக்குடைய முஸ்லிம்கள் விமர்சித்தபோதும், கிராமங்கள் அதனைக் கைவிடவில்லை.

1950களின் முற்பகுதியில் கிழக்கு ஜாவாவில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கிளிபர்ட் கியர்ட்ஸ், 1960இல் வெளியான தமது நூலில் இவ்விருந்தை விரிவாக விவரித்துள்ளார். அயலவர்களுக்குக் கடைசி நேரத்திலேயே அழைப்புச் செல்லும். ஆண்கள் பாயில் வட்டமாக அமர்வர். பிரார்த்தனை முடிந்ததும் சில கவளங்கள் மட்டும் உண்டு, எஞ்சியதை வாழையிலையிற் பொதிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்வர். அந்த வட்டத்தில் ஒருவரும் மற்றவரிலும் மேலானவராகக் கருதப்படுவதில்லை என்பதே அதன் உயிர்நாடி. ஆனால் சோற்றைச் சமைத்த பெண்கள் வட்டத்துக்கு வெளியே, பின்கட்டிலேயே இருந்தனர்.

இன்றைய விழாக்களின் புகைப்படங்களிலோ கூம்பின் உச்சி வெட்டப்பட்டு, வயதிலோ பதவியிலோ மூத்தவருக்கு வழங்கப்படுகிறது. மூத்தோரை மதிப்பது நற்பண்புதான். எனினும், அலுவலக விழாக்களில் அது பதவிக்குச் செய்யும் மரியாதையாக மாறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மதம் மாறியபோதும் நிலைத்த இந்த மரபைக் காத்தவை அயலவரின் வட்டமும் பின்கட்டின் அடுப்புமே. உச்சிச் சோற்றுக்கு முதல் உரிமை அந்த அடுப்பின் முன் நின்றவர்களுக்கே உண்டு என்பது எனது கருத்து.